காசிநாதன் கழற்றிய வேலி

காசிநாதன் நல்ல மனிதர் என்று எங்கள் காலனியில் எல்லோரும் சொல்வார்கள். ஒருவரைப் பற்றிச் சொல்வதற்கு வேறு எதுவும் அகப்படாதபோது சொல்கிற வார்த்தை அது. அவர் லஞ்சம் வாங்கியதில்லை. குடித்ததில்லை. வண்டியை அடுத்தவர் வாசலில் நிறுத்தியதில்லை. இப்படி ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத மனிதர், போன ஆடி மாதம் ஒரு குழந்தையைச் சாவின் வாசல்வரை அனுப்பி வைத்தார். இன்றுவரை அது அவருக்குத் தெரியாது. சொன்னாலும் ஏறாது.

பிறந்து வளர்ந்தது செங்கல்பட்டு. அப்பாவுக்குப் பாத்திரக் கடை. படித்து முடித்து மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் சேர்ந்தார். அங்கேயே தலை நரைத்து, துணை மேலாளராக ஓய்வு பெற்றார். இடையில் கல்யாணம், ஒரு மகள், மனைவியின் மறைவு. அவர் வாழ்க்கையில் நடந்த ஒரே அதிசயம் அவருடைய கட்டில். வருஷக்கணக்கில் தள்ளிப்போன பதவி உயர்வு, யாரோ சொல்லிக் கட்டிலைத் திருப்பிப் போட்ட மாதத்தில் வந்ததாம். அதே மாதத்தில் அவருக்கு மேலே இருந்தவர் ஓய்வு பெற்றார் என்பதை அவரே சொல்வார். சொல்லிவிட்டு, "ஆனா கட்டில்தான் மேடம்" என்பார்.

அன்றிலிருந்து வாஸ்து அவரைப் பிடித்துக்கொண்டது. பட்டிப்புலத்துக்கும் வடநெம்மேலிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வில்லாக்கள் இருக்கின்றன. காலனியின் பெயர் இங்கிலீஷில் நீளமாக இருக்கும். ஆட்டோக்காரர்கள் 'நீச்சல் குளத்து வூடு' என்றுதான் சொல்வார்கள். அந்தக் குளம் வடகிழக்கில் இருக்கிறது என்பதற்காகவே காசிநாதன் இங்கே வீடு வாங்கினார். ஈசானிய மூலையில் தண்ணீர் இருந்தால் குடும்பம் செழிக்குமாம். குளத்தில் அவர் ஒரு நாளும் இறங்கியதில்லை. நீச்சலும் தெரியாது. காலையில் காபியோடு மாடியில் நின்று தண்ணீரைப் பார்ப்பார், திருப்தியாக உள்ளே போவார்.

குளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இரும்புக் கம்பி வேலி இருந்தது. இழுத்து விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் இருந்தது. பில்டர் நல்லவர் என்பதால் அல்ல, அனுமதிப் பத்திரத்தில் அப்படித்தான் போட வேண்டும் என்று நிபந்தனை இருந்ததால். காலனிச் சங்கத்துச் செயலாளர் பதவிக்கு ஒருவரும் கை தூக்காமல் காசிநாதன் தூக்கினாரே, அன்றைக்கு அந்த வேலிக்குக் கண்டம் தொடங்கியது. அவர் அழைத்து வந்த வாஸ்துக்காரர் குளத்தைச் சுற்றி நடந்தார், கிழக்குப் பக்கம் வந்ததும் நின்றார், வேலியைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஈசானியத்தில் இரும்பு நின்றால் வருகிற நல்லது வாசலோடு திரும்பிப் போகுமாம். இரண்டாம் வரிசையில் ஒருவருக்கு வேலை போனதும், கடைசி வில்லாவில் ஒரு தம்பதி பிரிந்ததும் எதனால் என்று அப்போதுதான் காலனிக்குப் புரிந்தது. இத்தனை படித்த வீடுகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கிழக்குப் பக்கத்து வேலியைக் கழற்றி மோட்டார் அறையில் சாத்தி வைத்தார்கள்.

நான் கேளம்பாக்கத்தில் வங்கியில் வேலை செய்கிறவள். கையெழுத்து ஒன்று விட்டுப்போனாலே எனக்குத் தூக்கம் வராது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன்.

"மூணு பக்கம் வேலி, ஒரு பக்கம் திறப்பு. எந்தப் பக்கமா உள்ள போகலாம்னு ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கண்டுபிடிச்சிடும் சார். குழந்தைங்க கண்டுபிடிக்காதா?"

"வரலட்சுமி மேடம், கொழந்தைய பாத்துக்கிறது பெத்தவங்க பொறுப்பு. வேலியா வந்து பாத்துக்கும்?"

"பிளான் அப்ரூவல்லயே நாலு பக்கம்னு போட்டிருக்கு."

"அந்தச் சட்டமெல்லாம் ஓட்டல்காரனுக்கு மேடம். கண்டவன் வந்து குளிக்கிற எடத்துக்கு. இது வீடு. அதோட, எழுதினவனுக்கு வாஸ்து தெரியுமா?"

கூட்டத்தில் இருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் நிமிர்ந்து, வேலி இல்லாமல் போட்டோ நன்றாக வருகிறது என்றார். அத்தோடு, வேலி வேண்டாம் என்ற தீர்மானம் நிறைவேறியது.

நடுவில் ஒருமுறை சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். அன்று காலையில் மட்டும் வேலியைக் கொண்டுவந்து கட்டுக்கம்பியால் கட்டி நிறுத்தினார்கள். அவர் தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்தார், இளநீர் குடித்தார், போனார். தொட்டிருந்தால் வேலி அவர்மேலேயே விழுந்திருக்கும். விழவில்லையே என்று எனக்கு இன்னும் வருத்தம்.

வேலிக்குப் பதிலாகத் திறந்த பக்கத்தில் துளசித் தொட்டிகளை வரிசையாக வைத்தார் காசிநாதன். குழந்தைகள் தனியாக வரக் கூடாது என்று இங்கிலீஷில் ஒரு பலகையும் மாட்டினார். பலகையைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பலகையே தேவையில்லை என்று நான் சொன்னதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

காசிநாதன் வீட்டிலும் என் வீட்டிலும் வேலை செய்கிறவள் சாராள். அவளுடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயல்களெல்லாம் வில்லாக்களாகிவிட்டன, மகள் அவற்றைப் பெருக்குகிறாள். புருஷனுக்குப் பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வருவான். மகள் பிரிசில்லாவுக்கு நான்கு வயது நிறையவில்லை. பிரிசி என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். பால்வாடி இல்லாத நாட்களில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வருவாள்.

போன வருஷம் ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பதினெட்டாம் பெருக்கு என்றால் ஆற்றங்கரைக்குப் போவார்கள், இல்லாவிட்டால் கடற்கரைக்காவது போவார்கள். எங்கள் காலனிக்கு அரை மைலில் கடல் இருக்கிறது. காசிநாதனுக்கு அது போதவில்லை. ஈசானியத்தில் சொந்தமாகத் தண்ணீர் இருக்கும்போது எதற்கு வெளியே போக வேண்டும் என்று குளத்திலேயே பூஜை ஏற்பாடு செய்தார். குளோரின் வாடை அடிக்கிற தண்ணீருக்கு மஞ்சள் குங்குமம்.

முதல் நாள் சாராளிடம் சொன்னார். நான் அப்போது அவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"நாளைக்கு வெள்ளன வந்துடு. பாத்திரம் நெறைய விழும்."

"நாளைக்குப் பால்வாடி கெடயாது சார். புள்ளய எங்க வுட்டுட்டு வர்றது?"

"கூட்டினு வாயேன். நல்ல நாளு, அதுவும் சாப்ட்டுப் போவட்டும்."

காலையில் நான் போனபோது குளத்தையே காணோம். கிழக்கு ஓரம் முழுக்கத் தண்ணீர் தெரியாமல் சாமந்தியும் ரோஜா இதழுமாகப் பரப்பியிருந்தார்கள். மண் தரையிலும் அதே பூ, தண்ணீரிலும் அதே பூ. படத்துக்கு மறைக்கிறதென்று துளசித் தொட்டிகளை வேறு தள்ளி வைத்திருந்தார்கள். காசிநாதன் பட்டு வேட்டியில் கைகட்டி நின்றுகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கார்ப்பெட்டு விரிச்ச மாதிரி கீதுல்ல? எது தரை, எது தண்ணின்னே தெரியல பாருங்க!"

அதைப் பெருமையாகச் சொன்னார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பெண்கள் மஞ்சள் சரடு கட்டிக்கொள்ள வரிசையில் நின்றார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. கற்பூரத் தட்டைச் சுற்றி எல்லோருடைய போனும் உயர்ந்திருந்தது. சாராள் காசிநாதன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரிசியின் கையில் யாரோ தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்திருந்தார்கள். அவள் அதைத் தின்றுகொண்டே பூவைப் பார்த்து நடந்திருக்கிறாள். பூமேல் நடப்பதாக நினைத்துத்தான் காலை வைத்திருக்கிறாள்.

விருந்தாளியின் கார் ஒன்றை எங்கே நிறுத்துவது என்று கேட்க வாட்ச்மேன் தாவீது அந்த நேரத்தில் அங்கே வந்தான். வந்தவன் குழந்தை காலை எடுத்து வைப்பதையும், இல்லாமல் போவதையும் பார்த்தான். கத்தினான். பாட்டுச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவள் விழுந்த இடத்தைப் பூ மூடிக்கொண்டது. ஷூவோடும் தொப்பியோடும் அவன் குதித்தபோதுதான் கூட்டம் திரும்பியது. முதல் முறை வெறுங்கையோடு மேலே வந்தான். இரண்டாம் முறை அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். கண், மூக்கு, வாய் எல்லாம் பூ. உதடு நீலம் பாரித்திருந்தது. நான் அவளை வாங்கிக் கவிழ்த்து முதுகில் தட்டினேன், என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. தண்ணீரும் பொங்கலுமாகக் கக்கினாள். அழுகை வரவில்லை. என் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். சாராள் பின் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். கோவளம் தாண்டும்போது பிரிசி முனகினாள். அந்த முனகலைப் போல நல்ல சத்தத்தை என் ஆயுளில் நான் கேட்டதில்லை.

நுரையீரலில் தண்ணீர் போயிருக்கிறது, பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர். சாராளை அங்கே விட்டுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினேன். காசிநாதன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தெய்வம் காப்பாத்துச்சு மேடம். பூஜை நடந்த எடமாச்சே."

"தாவீது காப்பாத்தினான் சார்."

"அவனை அந்த நேரத்துக்கு அங்க அனுப்பிச்சது யாரு?" என்று மேலே கையைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா ஷூவோட எறங்கிட்டான். அதுக்கு ஒரு பரிகாரம் பண்ணணும்" என்றார்.

 வங்கியில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்க்கிறேன். ஏமாற்றுகிறவன் முகத்தில்கூட ஒரு நிமிஷம் வெட்கம் எட்டிப் பார்க்கும். இந்த முகத்தில் விபூதி மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலனியின் வாட்ஸப் குழுவில் செயலாளரின் அறிவிப்பு வந்தது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் இனிமேல் தங்கள் குழந்தைகளை வளாகத்துக்குள் அழைத்து வரக் கூடாது, பாதுகாப்புக் கருதி இந்த முடிவு. கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். வேலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. விழுந்த பள்ளத்தை விட்டுவிட்டு, விழுந்த குழந்தையைத் தடை செய்த புத்திசாலிகள்.

பிரிசி தேறியதும் சாராள் வேலைக்குத் திரும்பினாள். என் சமையலறையில் நின்று குமுறினாள்.

"அவருதான்க்கா கூட்டினு வரச் சொன்னாரு. இப்ப எம்மேல பழிய போட்டுக்கினு கீறாரு. புள்ளய பாத்துக்கத் தெரியலன்னு எங்கையிலேயே சொல்றாரு."

"அந்த வீட்டு வேலையை விட்டுடேன்."

"வுட்டுட்டு இன்னாத்த துன்றது? இந்த ரோட்ல குளம் இல்லாத வூடு எதுக்கா கீது?"

 என்னால் முடிந்த ஒன்றைச் செய்தேன். விருந்தாளிகளுக்குத் தடை இல்லை அல்லவா? பால்வாடி இல்லாத நாட்களில் பிரிசி என் வீட்டு விருந்தாளி என்று தாவீதிடம் சொன்னேன். அவன் சிரிக்காமல் அப்படியே கேட் புத்தகத்தில் எழுதினான். காசிநாதனால் தடுக்க முடியவில்லை, அவர் போட்ட விதிதான். எந்நேரமும் அவள் கையை நானோ சாராளோ பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. கிழக்குப் பக்கம் திறந்தே கிடந்தது.

டிசம்பரில் காசிநாதனின் மகள் மைதிலி மெல்பர்னிலிருந்து வந்தாள். அவள் மகன் இனியனுக்குப் பிரிசியின் வயதுதான் இருக்கும். பேரன் வருகிறான் என்று வீட்டுக்கு வெள்ளையடித்து, சீரியல் பல்பு கட்டிக் காத்திருந்தார் காசிநாதன். டாக்சியிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குள் போகவில்லை. குளத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இந்தப் பக்கம் வேலி எங்க?"

"அது ஈசானியம்மா..."

"அங்கல்லாம் வீட்ல குளம் வெச்சா வேலி போட்டே ஆகணும்ப்பா. சட்டம். நீங்க என்ன, இருந்த வேலியைக் கழட்டி வெச்சிருக்கீங்க?"

"நம்ம வீட்டுக் கொழந்தைய நாம பாத்துக்க மாட்டோமா?"

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடுவான். வேலி போட்டுட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்."

இறக்கிய பெட்டிகளை அவளே திரும்ப ஏற்றினாள். மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் போய்த் தங்கிக்கொண்டாள். தாத்தாவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே பேரன் போனான். பல்புகளின் வெளிச்சத்தில் காசிநாதன் தனியாக நின்றார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரக்கம் வருகிறதா என்று தேடிப் பார்த்தேன், வரவில்லை.

விடிந்ததும் வாஸ்துக்காரர் வந்துவிட்டார். எவர்சில்வர் இரும்பில் சேராது, ஈசானியத்துக்கு அது ஒத்துக்கொள்ளும் என்று அவர் சாஸ்திரத்தில் கண்டுபிடிக்க ஒரு டம்ளர் காபிக்கு மேல் ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் பளபளவென்று எவர்சில்வர் வேலி எழும்பியது. கதவும் அதிலேயே. காசிநாதன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூடவே நின்று ஒவ்வொரு கம்பியாக ஆட்டிப் பார்த்தார். வருஷக்கணக்காக முடியாது என்றிருந்தது ஒரே நாளில் முடிந்தது.

மகளும் பேரனும் வந்தார்கள். வேலியோரம் பேரன் நிற்கும் படத்தைக் குழுவில் போட்டு, 'பாதுகாப்பே முதல்' என்று எழுதினார். மறுபடியும் கட்டைவிரல்கள். கிளம்புகிற அன்று மைதிலி என்னிடம் தன் நம்பரைக் கொடுத்து, அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் சொல்லச் சொன்னாள்.

பொங்கல் கழிந்து சில நாட்களில் காசிநாதனின் காரைப் பால் வண்டி ஒன்று பின்னால் இடித்தது. விளக்கு உடைந்தது, அவ்வளவுதான். அவருக்கு அது போதும். ஒரு சனிக்கிழமை காலை சாராளும் பிரிசியும் என் வீட்டிலிருந்து கிளம்பும்போது, காசிநாதன் பக்கத்தில் நிற்க, வெல்டிங்காரர் எவர்சில்வர் வேலியின் அடியில் உட்கார்ந்து ஸ்பானரால் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் பண்றீங்கோ?" என்று சாராள் ஓடினாள். வேலை செய்கிற வீட்டு முதலாளியிடம் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"கொழந்த ஊருக்குப் போயிட்டான்ல. இனி எதுக்கு? எவர்சில்வரா இருந்தாலும் அடைப்பு அடைப்புதானாம். வாஸ்துக்காரர் தற்காலிகமாத்தான் அனுமதி குடுத்தாராம்."

"எம்புள்ள இங்கதான் சார் கீது!"

"ஒன் புள்ளைய யாரு வரச் சொன்னது?"

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. மைதிலியை வீடியோவில் கூப்பிட்டு, ஸ்பானருக்கு நேராகப் போனைப் பிடித்தேன்.

"ஆன்ட்டி, என்ன நடக்குது அங்க?"

"உங்கப்பா வேலியைக் கழட்டறார்மா. ஆடிப்பெருக்கு அன்னிக்கு இந்தக் குழந்தை இங்கதான் விழுந்து சாகக் கெடந்தது. உன்கிட்ட சொன்னாரா?"

போனைப் பிரிசியின் பக்கம் திருப்பினேன். அவள் படத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். மைதிலி திரைக்கு அருகில் வந்து அவளைப் பார்த்தாள். பிறகு, "அப்பாகிட்ட குடுங்க" என்றாள்.

காசிநாதன் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அப்பா, அந்தக் குழந்தை இப்ப நல்லா இருக்கா?"

பிரிசி அவர் காலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து பார்த்தால் போதும்.

"இனியனுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. வேலி இருக்கும்."

"நான் இனியனைக் கேக்கலப்பா."

"இருக்கும்மா, கழட்ட மாட்டேன். நீ கவலப்படாத. அவன் அடுத்த வாட்டி வரும்போதும் இருக்கும்."

போனை என் கையில் கொடுத்துவிட்டு, போல்ட்டைத் திரும்ப முடுக்கச் சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார். போகிற வழியில் பிரிசியைச் சுற்றிக்கொண்டு போனார், வழியில் கிடக்கிற பூந்தொட்டியைச் சுற்றிக்கொண்டு போவது மாதிரி.

 கடல் தாண்டி இருக்கிற பிள்ளை அவர் கண்ணுக்குத் தெரிகிறது, காலடியில் நிற்கிறது தெரியவில்லை. அதைத்தான் சாராளிடம் சொன்னேன். யாருக்காக இந்த வேலி நிற்கிறது பார்த்தாயா என்று கேட்டேன்.

"யாருக்காவ நின்னா இன்னாக்கா," என்றாள் அவள். "நிக்கிதுல்ல."

வெல்டிங்காரர் எழுந்து போகும்வரை அங்கேயே நின்றாள். பிறகு கதவை இழுத்து விட்டாள், அது தானாகச் சாத்திக்கொண்டது. மகளைக் கதவுக்கு நேராக நிறுத்தி, "தொற பாக்கலாம்" என்றாள். பிரிசி கையை நீட்டினாள், எம்பினாள், கம்பியில் கால் வைத்து ஏறப் பார்த்துச் சறுக்கினாள். தாழ்ப்பாள் எட்டவில்லை. இன்னொரு தரம் முயலச் சொன்னாள் சாராள். அப்போதும் எட்டவில்லை. அதற்குப் பிறகுதான் மகளின் கையைப் பிடிக்காமல் விட்டுவிட்டு, காசிநாதன் வீட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.